லிண்டா எப்போது அழுகிறாள்?

கேள்வி: எனக்கு 52 வயது. ஒகாயோ மாநிலத்தில் ஒரு சிறிய நகரத்தில் வசிக்கிறேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல், தீபாவளி விழாக்களில் பல ஆண்டுகளாக நாடகங்களில் நடித்துவருகிறேன். இப்போது எங்கள் ஊர் அமெரிக்க நாடகக் குழு ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தைப் போடப்போகிறது. இன்னும் இரண்டு வாரத்தில், இரண்டு மாலைகள் ஆடிஷன். லிண்டா வேடத்துக்கு முயன்று பார்க்க ஆசை. அங்கே கொடுக்கும் பக்கங்களைப் படித்துக் காட்ட வேண்டும், விரும்புகிறவர்கள் ஒரு நிமிடத் தனிவசனம் பேசலாம் என்று அறிவிப்பில் இருக்கிறது. சோகக் காட்சி என்றால் எனக்குக் கண்ணீர் உடனே வந்துவிடும். அதுதான் என் பலம். ஆனால் என் ஆங்கிலத்தில் தமிழ் வாடை அடிக்கும். இந்தியப் பெண்ணை அமெரிக்க அம்மாவாகப் போடுவார்களா? வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகலாமா? பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போனால் உதவுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டாயம் போங்கள். உச்சரிப்பு, நிறம், மனப்பாடம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தவை அவை அல்ல. கண்ணீர் உடனே வந்துவிடும், அதுதான் என் பலம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை உறுத்தியது.

நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் மேசைக்குப் பின்னால் உட்காருவது என் தொழில். லிண்டா வேடத்துக்கு வருகிற பெண்களில் பெரும்பாலோர் முதல் வரியிலேயே குரல் தழுதழுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒருவர் அழுதால் மனம் இளகும். வரிசையாக நான்கு பேர் அழுதால் மேசைக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்குக் காது மரத்துப்போகும். அந்த நேரத்தில் அழாமல், பிள்ளைகளை நேருக்கு நேர் பார்த்துக் கேள்வி கேட்கிற ஒருத்தி வந்து நின்றால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவோம். உங்கள் தயாரிப்பு முழுவதும் அந்த ஒருத்தியாகப் போய் நிற்பதற்காக இருக்கட்டும்.

இது என் தனிப்பட்ட ருசி மட்டும் அல்ல. நாடகத்தின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். லிண்டாவின் கணவன் வில்லி லோமனை அடக்கம் செய்தாகிவிட்டது. கல்லறையருகே தனியாக உட்கார்ந்திருக்கும் லிண்டா, தனக்கு அழுகை வரவில்லை என்று சொல்லி இறந்துபோன கணவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள். நீ வழக்கம்போல வெளியூருக்கு வியாபாரத்துக்குப் போயிருப்பதாகத்தான் தோன்றுகிறது என்கிறாள். வீட்டுக் கடனின் கடைசித் தவணையை இன்றைக்குத்தான் கட்டினேன், ஆனால் வீட்டில் இருக்க ஆள் இல்லையே என்கிறாள். அதற்குப் பிறகுதான் தொண்டையில் விம்மல் எழுகிறது. இரண்டு அங்கங்கள் முழுக்க அவள் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த பணம் அந்த விம்மல். முதல் அங்கத்திலேயே நீங்கள் அதைச் செலவழித்துவிட்டால் கடைசியில் கையில் ஒன்றும் இருக்காது.

லிண்டா மேடைக்கு வரும்போதே மில்லர் அவளைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். பெரும்பாலான நேரம் கலகலப்பாக இருப்பவள், கணவனிடம் தனக்குப் பிடிக்காதவற்றையெல்லாம் இரும்பைப் போன்ற உறுதியுடன் உள்ளேயே அடக்கிக்கொள்ளப் பழகியவள், அவனை நேசிப்பதற்கும் மேலாக வியந்து பார்ப்பவள் என்கிறார். கலகலப்பு என்பதை ஆடிஷனுக்கு வருகிறவர்கள் யாருமே கண்டுகொள்வதில்லை. நீங்கள் கண்டுகொள்ளுங்கள்.

முதல் வேலை, நாடகம் முழுவதையும் படிப்பது. லிண்டா வரும் பக்கங்களை மட்டும் அல்ல, முழு நாடகத்தையும். உங்கள் ஊர் நூலகத்தில் பிரதி இருக்கும். ஒரே மூச்சில் ஒருமுறை படித்துவிடுங்கள். இரண்டாம் முறை பென்சிலை எடுத்துக்கொண்டு, லிண்டாவுக்கு என்னென்ன தெரியும், அதில் யாரிடம் எதை மறைக்கிறாள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள்.

ஓர் உதாரணம். நாடகம் தொடங்கும்போது வில்லி மாதிரிச் சரக்குப் பெட்டிகள் இரண்டைச் சுமந்துகொண்டு, போன வேலையைச் செய்யாமல் பாதி வழியிலேயே திரும்பிவந்துவிடுகிறான். லிண்டா எழுந்து வருகிறாள். என்ன ஆயிற்று, காரை மோதிவிட்டாயா என்று கேட்கிறாள். மூக்குக் கண்ணாடியைக் குறை சொல்கிறாள், அவன் காலணியைக் கழற்றிவிடுகிறாள், ஆஸ்பிரின் வேண்டுமா என்கிறாள், புது வகைச் சீஸ் வாங்கிவைத்திருப்பதாகச் சொல்கிறாள். முதல் தடவை படிக்கும்போது அன்பான மனைவியின் சாதாரண விசாரிப்பாகத்தான் இது தெரியும். ஆனால் அந்த இரவிலேயே சற்று நேரம் கழித்து அவள் மகன்களிடம் சொல்வதைப் படித்த பிறகு முதல் காட்சிக்குத் திரும்புங்கள். வில்லிக்கு நடந்த கார் விபத்துகள் விபத்துகளே அல்ல என்று காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் சந்தேகப்படுகிறார். அவன் வேண்டுமென்றே பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியதைப் பார்த்த சாட்சியும் உண்டு. இவை லிண்டாவுக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே, காரை மோதிவிட்டாயா என்ற அந்தச் சின்னக் கேள்விக்குள் பெரிய பயம் இருக்கிறது. அந்தப் பயத்தை மறைக்கத்தான் சீஸும் ஆஸ்பிரினும் வருகின்றன. இதைத் தெரிந்துகொண்டு படிப்பவரின் குரலும் தெரியாமல் படிப்பவரின் குரலும் ஒன்றாக இருக்காது. மேசைக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

ரப்பர் குழாய் ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலவறையில் ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் ஒரு துண்டு ரப்பர் குழாய் விழுந்து கிடப்பதை அவள் பார்த்துவிடுகிறாள். தண்ணீர் சூடாக்கும் அடுப்பின் எரிவாயுக் குழாயில் அதைப் பொருத்துவதற்கான இணைப்பும் புதிதாக இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளத்தான் என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. தினமும் அதை எடுத்து ஒளித்துவைக்கிறாள், அவன் வீடு திரும்பும் நேரம் மறுபடியும் அதே இடத்தில் வைத்துவிடுகிறாள். நேரில் கேட்டால் அவனை அவமானப்படுத்துவதாகிவிடும் என்று நினைக்கிறாள். பக்கத்து வீட்டுச் சார்லியிடம் வாரம் ஐம்பது டாலர் கடன் வாங்கி அதையே சம்பளம் என்று அவன் கொண்டுவந்து கொடுப்பதும் அவளுக்குத் தெரியும். அதையும் கேட்பதில்லை. வெளியே சாந்தமாகத் தெரியும் இந்தப் பெண் உள்ளே ஒவ்வொரு நாளும் காவல் காத்துக்கொண்டிருக்கிறாள். காவல்காரிக்கு அழ ஏது நேரம்?

இனி, உங்கள் கையில் கொடுக்கப்போகும் பக்கங்கள். லிண்டாவைத் தேர்ந்தெடுக்க எந்த இயக்குநரும் முதல் அங்கத்தில் அவள் இரண்டு மகன்களிடமும் பேசும் இரவுக் காட்சியைத்தான் பெரும்பாலும் எடுப்பார். நானும் அதைத்தான் எடுப்பேன். அந்த வேடத்துக்கு வேண்டிய எல்லாமே அந்தச் சில பக்கங்களில் இருக்கிறது. எனவே அதில் நிறைய நேரம் செலவிடுங்கள்.

வில்லி செருப்போடு தெருவில் நடக்கப் போய்விட்டான். லிண்டா மேசையருகே உட்கார்ந்து அவனுடைய கோட்டின் உள்துணியைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தத் தையலை விட்டுவிடாதீர்கள். ஆடிஷனில் ஊசி நூல் எதுவும் கையில் இருக்காது, பாவனை செய்து காட்டவும் வேண்டாம். ஆனால் வீட்டில் படிக்கும்போது நிஜமாகவே ஒரு சட்டையை எடுத்துத் தைத்துக்கொண்டே வசனத்தைச் சொல்லிப் பாருங்கள். கை வேலையில் இருக்கும்போது பேசுவதற்கும் கையைப் பிசைந்துகொண்டு பேசுவதற்கும் குரலில் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கே கேட்கும். எந்த வரியில் ஊசி தானாக நிற்கிறது என்றும் கவனியுங்கள். அங்கேதான் காட்சி திரும்புகிறது.

காட்சியின் முதல் பாதியில் அவள் எவ்வளவு கூர்மையாகப் பேசுகிறாள் பாருங்கள். அப்பா இவ்வளவு சத்தமாகத் தனக்குள் பேசி நான் கேட்டதே இல்லை என்கிறான் இளைய மகன் ஹாப்பி. அடிக்கடி வந்து போ, கேட்கும் என்கிறாள். ஏன் எனக்கு எழுதவில்லை என்கிறான் மூத்தவன் பிஃப். மூன்று மாதத்துக்கு மேலாக உனக்கு முகவரியே இல்லையே, எங்கே எழுதுவது என்கிறாள். இவை ஊசி குத்துகிற வரிகள். ஆனாலும் பிள்ளைகள் மேல் பாசம் குறையாதவள் சொல்கிற வரிகள். இங்கேதான் மில்லர் சொன்ன கலகலப்பு உங்களுக்குக் கைகொடுக்கும். லேசாகச் சொல்லுங்கள். அறையில் யாராவது சிரித்தால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள்.

பிறகு தலைமுடி. அம்மாவின் தலை நரைத்துவிட்டதைப் பிஃப் பார்க்கிறான். நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோதே நரைத்துவிட்டது, சாயம் பூசுவதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான் என்கிறாள். மறுபடியும் பூசிக்கொள், நீ கிழவியாகத் தெரிவது எனக்குப் பிடிக்கவில்லை என்று கொஞ்சுகிறான். அந்தக் கொஞ்சலுக்கு அவள் மசிவதில்லை. ஒரு நாள் நீ வந்து இந்தக் கதவைத் தட்டும்போது இங்கே வேறு யாரோ குடியிருப்பார்கள் என்று சொல்லிவிடுகிறாள். அப்பாவிடம் பாசம் இல்லையென்றால் என்னிடமும் உனக்குப் பாசம் இருக்க முடியாது, என்னை மட்டும் பார்க்க நீ வர வேண்டாம் என்கிறாள். தாய் தன் மகனுக்கு முன்னால் கதவைச் சாத்துகிறாள். கண்ணீரோடு சாத்தினால் அவன் நம்பமாட்டான். திறந்து உள்ளே வந்துவிடலாம் என்று நினைத்துக்கொள்வான்.

இதற்குப் பிறகு வருவதுதான் பிரபலமான அந்த நீண்ட பேச்சு. வில்லி பெரிய மனிதன் என்று நான் சொல்லவில்லை, அவன் பெயர் பத்திரிகையில் வந்ததில்லை, ஆனாலும் அவன் ஒரு மனிதன், அவனைக் கவனித்தே ஆக வேண்டும் என்கிற பேச்சு. ஆடிஷனுக்கு வருகிற எல்லோரும் இதைத் தலைவர் சிலைக்குக் கீழே நின்று சொற்பொழிவு செய்வதைப் போலச் செய்கிறார்கள். அவள் உலகத்துக்குப் பேசவில்லை. எதிரே நிற்கும் முப்பத்துச் சொச்ச வயது மகனிடம் பேசுகிறாள், இன்றிரவே அவன் மனத்தை மாற்றியாக வேண்டும் என்று பேசுகிறாள். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும், இது அவனுக்குள் இறங்கியதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் அடுத்த வாக்கியம் வேறு வழியில் போகும். வில்லியின் சம்பளத்தை நிறுத்திவிட்ட முதலாளிகளை நன்றிகெட்டவர்கள் என்று பிஃப் திட்டும்போது, அவனுடைய பிள்ளைகளைவிடவா அவர்கள் மோசம் என்று திருப்பிக் கேட்கிறாளே, அந்த இடத்தில் குரலை உயர்த்தாதீர்கள். தாழ்த்திச் சொன்னால்தான் அது போய்த் தைக்கும்.

அந்தக் காட்சியில் அவள் முகத்தை மூடிக்கொண்டு அழும் ஓர் இடம் உண்டு. மில்லரே குறிப்பு எழுதியிருக்கிறார். ஆனால் எப்போது அழுகிறாள் என்று பாருங்கள். கிண்டல் செய்து பார்த்தாயிற்று, கண்டித்துப் பார்த்தாயிற்று, கதவைச் சாத்துவேன் என்று மிரட்டிப் பார்த்தாயிற்று, கடைசியில் யாரிடமும் சொல்லாத குழாய் இரகசியத்தையும் சொல்லியாயிற்று. அப்பாவின் உயிர் உன் கையில் இருக்கிறது என்று பிஃப்பிடம் சொல்லும் கட்டத்தில் அவளிடம் வேறு ஆயுதம் மிச்சமில்லை. அங்கே உங்களுக்குக் கண்ணீர் வந்தால் வரட்டும், தடுக்க வேண்டாம். உடனே வந்துவிடும் என்கிற உங்கள் திறமைக்கு அதுதான் இடம். அதுவரை உள்ளே வையுங்கள்.

1949 பிப்ரவரியில் நியூயார்க்கின் மொராஸ்கோ தியேட்டரில் இந்த நாடகம் முதன்முதலில் அரங்கேறியபோது லிண்டாவாக நடித்தவர் மில்ட்ரெட் டன்னக். இயக்குநர் இலியா கஸான் அவருக்குக் கொடுத்த ஒரு பயிற்சியை மில்லர் பதிவு செய்திருக்கிறார். மகன்களிடம் பேசும் நீண்ட வசனங்களை வழக்கமான வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சொல்லவைத்தார் கஸான். பிறகு அதையும் இரட்டிப்பாக்கினார். நாக்கு எவ்வளவு வேகமாகப் புரளுமோ அவ்வளவு வேகம். அதன் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். தன் துயரத்தைத் தானே ருசித்துக்கொண்டு நிற்க நடிகைக்கு நேரம் இல்லாமல் போனது, தன்னிரக்கம் போய்க் கோபமும் எதிர்ப்பும் வந்து உட்கார்ந்தன. இதை அப்படியே வீட்டில் செய்யுங்கள். கடிகாரம் வேண்டாம். மூச்சு முட்டும் வேகத்தில் சில முறை, பிறகு இயல்பான வேகத்தில் ஒரு முறை. பழைய அழுகை எங்கே போனது என்று தேடுவீர்கள்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1999இல் பிரையன் டென்னஹி வில்லியாக நடித்த பிராட்வே தயாரிப்பில் லிண்டாவாக வந்தவர் எலிசபெத் ஃபிரான்ஸ். அந்த ஆண்டு, பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது பெற்றார். கணவனைக் காக்கும் வேகம் சீற்றமாக வெளிப்படும் லிண்டா அவருடையது. மில்லரே அதை மனமாரப் பாராட்டினார்.

மனப்பாடம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எந்தப் பக்கம் கொடுப்பார்கள் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியாது என்பது ஒரு காரணம். மனப்பாடம் செய்தவர் ஞாபகத்தைத் துரத்திக்கொண்டு எதிரே இருப்பவரை மறந்துவிடுகிறார் என்பது அதைவிடப் பெரிய காரணம். அந்த இரவுக் காட்சியைக் கண்ணை மூடினாலும் ஓட்டம் தெரியும் அளவுக்குப் பலமுறை படித்திருங்கள், ஆனால் தாளைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள். தாளை மார்பு உயரத்தில் பிடியுங்கள், முகத்தை மறைக்க வேண்டாம். கட்டைவிரலை நீங்கள் சொல்லும் வரியின் ஓரத்தில் வைத்துக்கொண்டு நகர்த்திக்கொண்டே வாருங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொற்களையாவது எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக, அவர் பேசும்போது உங்கள் அடுத்த வரியைத் தேடாதீர்கள். அவரைப் பாருங்கள், கேளுங்கள். பிறகு நிதானமாகக் குனிந்து உங்கள் வரியை எடுங்கள். அந்த இடைவெளி உங்களுக்குத்தான் நீளமாகத் தோன்றும், எங்களுக்கு அது யோசிக்கும் பெண்ணாகத் தெரியும். பிஃப்பாகப் படிக்க வருபவர் சுமாராகப் படித்தாலும் அவரிடமே பேசுங்கள், அவர் தலைக்கு மேலே சுவரைப் பார்த்து நடிக்க வேண்டாம்.

ஒருமுறை படித்து முடித்ததும் இயக்குநர் வேறு மாதிரி செய்யச் சொல்லக்கூடும். இப்போது கோபமே இல்லாமல் சொல்லுங்கள், அல்லது இவனைச் சிரிக்கவைக்கப் பாருங்கள் என்பார். முதலில் செய்தது தவறு என்பதால் அல்ல. உங்களோடு ஆறேழு வாரம் ஒத்திகையில் வேலை செய்ய முடியுமா என்று பார்க்கிறார். தயங்காமல் முழுதாக மாற்றிக் காட்டுங்கள், அது கொஞ்சம் அதிகமாகப் போனாலும் பரவாயில்லை. சொல் தடுக்கினால் மன்னிப்புக் கேட்டு நிறுத்த வேண்டாம், அப்படியே மேலே போங்கள்.

தனிவசனம் விருப்பம்தான் என்றாலும் ஒன்று தயாராக வைத்திருங்கள். இதே நாடகத்திலிருந்து எடுக்காதீர்கள். இயக்குநரின் மனத்தில் அந்த வரிகளுக்கு ஏற்கெனவே ஒரு குரல் இருக்கும், அதோடு நீங்கள் போட்டியிட வேண்டியிருக்கும். இன்னொருவரிடம் எதையோ கேட்டு வாங்க முயலும் பேச்சாக, உங்கள் வயதுப் பெண் பேசுவதாக, ஒரு நிமிடத்துக்குள் முடிவதாக இருக்கட்டும். ஒரு பழைய நினைவை உருகி உருகிச் சொல்லும் வசனம் வேண்டாம்.

உச்சரிப்புக்கு வருவோம். லோமன் குடும்பம் புரூக்ளினில் இருப்பதால் புரூக்ளின் ஆங்கிலம் பேசிப் பார்க்கலாமா என்று சிலர் முயல்கிறார்கள். கேட்டால் ஒழிய வேண்டாம். போலிப் பேச்சு, நடிப்பை விழுங்கிவிடும். உங்கள் ஆங்கிலத்திலேயே பேசுங்கள். தமிழ் வாடையைப் போக்குவதில் மெனக்கெட வேண்டாம், புரிகிறதா என்பதில் மெனக்கெடுங்கள். நம்மவர்களிடம் நான் கேட்பது பெரும்பாலும் இரண்டு சிக்கல்கள்: சொல்லின் கடைசி மெய்யை விழுங்கிவிடுவது, வாக்கியத்தில் எல்லாச் சொல்லையும் ஒரே கனத்தில் சொல்லிக்கொண்டு போவது. ஒவ்வொரு வாக்கியத்திலும் கனம் விழ வேண்டிய ஒரே ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பிஃப், ஹாப்பி வசனங்களைப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் புரியவில்லை என்று நிறுத்தும் இடங்களைத் திருத்தினால் போதும்.

இந்தியப் பெண்ணைப் போடுவார்களா? போடும் இயக்குநர்கள் இருக்கிறார்கள், போடத் தயங்குபவர்களும் இருக்கிறார்கள். எல்லா இனத்தவரும் வரலாம் என்று அறிவிப்பில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். 2022இல் பிராட்வேயில் லோமன் குடும்பம் கறுப்பினக் குடும்பமாகவே வந்தது. வெண்டெல் பியர்ஸ் வில்லியாகவும் ஷரான் டி. கிளார்க் லிண்டாவாகவும் நடித்தார்கள். அதற்கும் வெகு முன்பே, 1983இல், மில்லர் பெய்ஜிங்குக்குப் போய்ச் சீன நடிகர்களை வைத்துச் சீன மொழியில் இதே நாடகத்தை இயக்கினார். வெள்ளைக்காரர்களைப் போலத் தெரிவதற்காகப் பொய்முடி வைத்துக்கொள்ள வேண்டாம், அமெரிக்கர்களைப் போலப் பாவனை செய்ய வேண்டாம் என்று அந்த நடிகர்களிடம் அவர் வற்புறுத்தினார். நாடகத்தை எழுதியவரே அப்படிச் சொல்லியிருக்கும்போது நீங்கள் அமெரிக்க அம்மாவைப் போல நடந்து காட்ட வேண்டியதில்லை. கடன் தவணைகளைக் கணக்குப் போடும் பெண், கணவன் வரும் நேரம் பார்த்துக் காது கொடுத்துக் கிடக்கும் பெண் எப்படி இருப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். அது போதும்.

உருவத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். மில்லர் வில்லியைச் சிறிய உடம்புக்காரனாகத்தான் முதலில் நினைத்திருந்தார். முதல் தயாரிப்பில் வேடம் கிடைத்ததோ பெருத்த உடம்புக்காரரான லீ ஜே. காப்புக்கு. அறுபத்து மூன்று வயது வில்லியாக நடித்த அவருக்கு அப்போது 37 வயதுதான். தன் உருவத்தை ஒருவன் கேலி செய்தான் என்று வில்லி சொல்லும் வரியில் காப்புக்காகவே வசைச்சொல் மாற்றப்பட்டது. நடிகருக்காக வரி மாறியதே தவிர, வரிக்காக நடிகர் மாறவில்லை.

படங்களைப் பார்ப்பதென்றால் ஆடிஷன் முடிந்த பிறகு பாருங்கள். 1966இல் தொலைக்காட்சிக்காக எடுத்ததில் காப்பும் டன்னக்கும் தங்கள் பழைய வேடங்களில் இருக்கிறார்கள், அருமையான பதிவு. 1985இல் டஸ்டின் ஹாஃப்மன் வில்லியாக நடித்ததும் இருக்கிறது, அதில் லிண்டா கேட் ரீட். முன்கூட்டியே பார்த்தால் அவர்களுடைய ஏற்ற இறக்கம் உங்கள் காதில் ஒட்டிக்கொள்ளும், இரண்டு வாரத்தில் அதை உதற முடியாது.

தமிழ்ச் சங்க மேடையில் நீங்கள் பெற்ற குரல் வளமும் கூட்டத்தைக் கண்டு கூசாத தைரியமும் உங்களோடு வரட்டும். கைதட்டலுக்காக நிறுத்துவதையும், கூட நடிப்பவரை விட்டுவிட்டுச் சபையைப் பார்த்துப் பேசுவதையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பெரிய மண்டபத்தில் நூறு குழந்தைகளின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்களுக்கு இது சிரமம்தான், ஆனால் ஆடிஷன் அறை சிறியது.

உடை விஷயத்தில், 1940களின் உடையைத் தேடி அலைய வேண்டாம். எளிமையான ஒரு நிற உடையும், குதிகால் உயரமில்லாத, தரையில் அழுந்தி நிற்கும் காலணியும் போதும். வளையல் சத்தம் வேண்டாம்.

இந்த நாடகத்தில் ஆண் வேடங்கள் எட்டு, பெண் வேடங்கள் ஐந்துதான். அந்த ஐந்தில் லிண்டாவைத் தவிர மற்ற நான்கும் சிறியவை. ஆகவே ஊரில் உங்கள் வயதை ஒட்டிய நல்ல நடிகைகள் அத்தனை பேரும் இந்த ஒரே வேடத்துக்கு வருவார்கள். முதல் தடவையிலேயே கிடைக்காமல் போகலாம். டன்னக்குக்கும் எடுத்த எடுப்பில் கிடைக்கவில்லை. லிண்டா கொஞ்சம் முரடான, வாழ்நாள் முழுக்க வீட்டு உடையிலேயே கிடந்த பெண்ணாக இருக்க வேண்டும் என்று மில்லரும் கஸானும் நினைத்திருந்தார்கள். டன்னக்கோ ஒல்லியான, நளினமான, ஆசிரியையாக வேலை பார்த்த படித்த பெண்மணி. பொருந்தமாட்டீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் வரிசையில் அவர் மறுபடியும் நின்றார், உடம்பு பருமனாகத் தெரிவதற்காக உடைக்குள் துணியைத் திணித்துக்கொண்டு. அவர்கள் சிரித்துவிட்டு மறுபடியும் மறுத்தார்கள். அடுத்தடுத்த நாட்களிலும் வேறு வேறு கோலத்தில் வந்தார், கடைசியில் வேடம் அவருக்கே கிடைத்தது. இன்றைக்கு உங்கள் ஊர்க் குழுவில் கேட்காமல் இரண்டாம் மாலையும் போய் நிற்பது மரியாதை ஆகாது. ஆனால் முதல் மாலையே போய், தேவைப்பட்டால் நாளையும் வந்து படிக்கத் தயாராக இருக்கிறேன் என்று மேடை மேலாளரிடம் சொல்லிவிட்டு வரலாம். வரச் சொன்னால் அதே உடையில் போங்கள், நேற்றுப் பார்த்தவர் இவர்தான் என்று அவர்களுக்கு உடனே நினைவுக்கு வரும். கூப்பிடவில்லை என்றால் மேடைக்குப் பின்னால் வேலை செய்யட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒத்திகையில் வசனம் எடுத்துக்கொடுக்க ஆள் எப்போதும் தேவைப்படும், அடுத்த நாடகத்துக்கு உங்கள் முகமும் பழகியிருக்கும்.

அங்கே போனதும் ஒரு படிவம் தருவார்கள். எந்த எந்த நாட்களில் ஒத்திகைக்கு வர முடியாது என்று கேட்கும் ஒரு கட்டம் அதில் இருக்கும். தமிழ்ச் சங்க விழா, வேலை நேரம், ஊருக்குப் போக எடுத்திருக்கும் விமான டிக்கெட் எதுவாக இருந்தாலும் ஒளிக்காமல் எழுதிவிடுங்கள். இரண்டு நல்ல லிண்டாக்களுக்கு இடையில் முடிவெடுக்க முடியாமல் நாங்கள் நள்ளிரவுவரை உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்போம். வேறு வேடம் கொடுத்தால் ஏற்பீர்களா என்றும் அதில் கேட்டிருப்பார்கள். சார்லியின் அலுவலகச் செயலாளர் ஜென்னி சின்ன வேடம்தான், ஆனால் வில்லியை நேருக்கு நேர் பார்த்துப் பேசும் காட்சி அதில் இருக்கிறது. மனம் ஒப்பினால் மட்டும் சரி என்று குறியுங்கள்.